கைகலுக்கு மே மாதத்தில் போகாதீர்கள்

ஜோலார்பேட்டையை விட்டு பெங்களூர் திசையில் போகும் ரயில் சோமநாயக்கன்பட்டி, பச்சூர் தாண்டியதும் மேடேறத் தொடங்குகிறது. நீராவிக் காலத்தில் இந்த ஏற்றத்தில் எஞ்சின் திணறுவது பெட்டிக்குள் இருப்பவருக்குக் கேட்கும் என்பார்கள். இப்போது மின்சார எஞ்சின் இழுக்கிறது, ஏறுவதே தெரிவதில்லை. ஜன்னல் வழியாக வரும் காற்றில்தான் வித்தியாசம். மல்லானூர் வந்ததும் தமிழ்நாட்டுப் புழுக்கம் விட்டுப்போகிறது. அடுத்தது குப்பம். அதற்கும் அடுத்தது குடுபல்லி.

1864இல் போட்ட தடம் இது. சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே தினமும் ஆயிரக்கணக்கானோர் குடுபல்லியைக் கடந்து போகிறார்கள், பார்ப்பவர் யாருமில்லை. விரைவு ரயில்கள் இங்கே நிற்பதில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனாக நின்று போகும் வண்டியில் வந்தால்தான் இறங்க முடியும். ஐப்பசி பிறந்து சில நாள் ஆகியிருந்தது. முந்தைய இரவு மழை பெய்திருக்க வேண்டும், பிளாட்பாரத்துக் குழிகளில் தண்ணீர் நின்றது. ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறைக் குன்றுகள். எதற்கும் பெரிய உயரம் கிடையாது. நாம் நிற்கும் தரையே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய எழுநூறு மீட்டர் உயரத்தில் இருப்பதால், குன்றுகள் தம் உயரத்தைக் காட்டிக்கொள்ளவில்லை.

மலைக்குப் போவதென்றால் நமக்கு மே மாதம் என்று ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் மூடியதும் மூட்டை கட்டுகிறோம். எல்லோரும் ஒரே மாதத்தில் கட்டியதன் விளைவாக, 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் வந்தது. அடுத்த ஆண்டு வாகன எண்ணிக்கைக்கே வரம்பு போட்டார்கள். அந்த இரண்டு ஊர்களும் உயரத்தால் குளிர்ந்தவை, எந்த மாதம் போனாலும் ஏதோ கிடைக்கும். சித்தூர், திருப்பதி மாவட்டத்து மலைகள் அப்படியல்ல. இங்கே குளிர்ச்சியைக் கொடுப்பது மழை. எந்த மழை, எந்தப் பக்கம், எப்போது என்பது தெரியாமல் வந்தால் வெறும் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அதைக் கண்ணால் பார்த்துவிடுவோம் என்றுதான் குடுபல்லியில் இறங்கினேன்.

பழைய சித்தூர் மாவட்டம் 1911இல் உருவானது. அதற்கு முன்பு இந்தக் குப்பம் பகுதி கங்குந்தி ஜமீனாக வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. அதனால்தான் டீக்கடையில் தெலுங்கில் டீ கேட்டால் தமிழில் சில்லறை கொடுக்கிறார்கள், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கன்னடத்தில் போன் பேசுகிறார். 2022 ஏப்ரலில் அந்த மாவட்டத்தைப் பிரித்து திருப்பதியைத் தனி மாவட்டமாக்கினார்கள், மதனப்பள்ளிப் பக்கமும் தனியே போனது. கோடு போட்டது நிர்வாகத்துக்காக. மழைக்கு அதைவிடப் பழைய கோடு ஒன்று உண்டு. மேற்கே குப்பம், பலமனேர், மதனப்பள்ளி எல்லாம் மேட்டுநிலம். கிழக்கே புத்தூர், நகரி, காளஹஸ்தி எல்லாம் கீழ்நிலம். பழைய மாவட்டம் முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஏறக்குறைய சரிபாதி. ஆனால் மேட்டுநிலம் ஆவணி, புரட்டாசியிலேயே நனைந்துவிடும். கீழ்நிலம் ஐப்பசி, கார்த்திகைக்குக் காத்திருக்கும்.

ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநருக்கு ஐம்பது வயதிருக்கும். தமிழ்தான் பேசினார், கேஜிஎஃப்பில் வளர்ந்தவராம். சாலையின் இரண்டு பக்கமும் ராகி. கதிர் பிடித்து, விரல்களை மடக்கிக்கொண்டு, இன்னும் பச்சையாகவே நின்றது. நடுநடுவே கொம்பு நட்டுக் கயிறு கட்டிய தக்காளித் தோட்டங்கள், பட்டுப்புழுவுக்கு வளர்க்கும் முசுக்கொட்டைச் செடிகள், நிலக்கடலை பிடுங்கிக் குவித்த வயல்கள். புளியமரங்கள் சாலைக்கு மேலே கைகோத்திருந்தன. இந்தப் பச்சையை மே மாதத்தில் வருகிறவர் நம்பமாட்டார். அப்போது இதே வயல்கள் உழுது போட்ட செம்மண்ணாகக் கிடக்கும்.

“எல்லாரும் ஆடிக்கு வருவாங்க சார், குடிவங்காவுக்கு” என்றார் ஓட்டுநர். குடிவங்கா இதே குடுபல்லி மண்டலத்தில் உள்ள சுப்பிரமணிய சுவாமி கோயில். ஆடிக் கிருத்திகைக்கு மூன்று மாநிலத்திலிருந்தும் காவடி வருகிறது. ஊருக்கு வெளியார் வரும் முதல் பருவம் அது, பக்தியின் பருவம். மேட்டுநிலத்தில் விதைப்பு தொடங்கும் காலமும் அதுதான்.

போகும் வழியில் மலை மாதிரி ஒன்று தெரிந்தது. உச்சி மட்டம், ஓரம் செங்குத்து, மரமே இல்லை. நெருங்கியதும் மண்மேடு என்று புரிந்தது. தங்கச் சுரங்கத்திலிருந்து தோண்டி எடுத்து, அரைத்து, தங்கத்தைப் பிரித்துவிட்டுக் கொட்டிய கழிவு. கோலார் தங்கவயலின் பாறைப்பட்டை தெற்கே நீண்டு குடுபல்லி மண்டலத்துக்குள் வருகிறது. சிகரகுண்டா, பிசாநத்தம் என்ற இரண்டு இடங்களில் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் சுரங்கம் நடத்தியது. 2001இல் கோலார் மூடப்பட்ட அதே ஆண்டில் இவையும் மூடப்பட்டன. மறுபடி திறப்பதற்கான ஏல நடவடிக்கைகள் நடந்திருக்கின்றன. ஓட்டுநர் அந்த மேட்டைக் காட்டி, “எங்கப்பா உள்ள இறங்கினவர்” என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

எனக்கு மல்லப்பகொண்டா ஏற வேண்டும். மண்டலத்தின் காட்டு ஓரத்தில் இருக்கும் மலை, மேலே சிவன். சிவராத்திரிக்குக் கூட்டம் ஏறும். மற்ற நாட்களில் ஆடு மேய்ப்பவர்களும், மேகம் பார்க்க பைக்கில் வரும் இளைஞர்களும்தான். அடிவாரத்தில் ஆட்டோ நின்றதுமே காக்கிச் சட்டை போட்ட ஒருவர் புதரிலிருந்து வெளியே வந்தார். கையில் ஒரு டார்ச், பையில் பட்டாசு. வனத்துறைக்காக யானை நடமாட்டம் பார்ப்பவர், டிராக்கர் என்கிறார்கள்.

“எங்க சார்?”

“மேல கோயில் வரைக்கும்.”

“வேணாம் சார். ராத்திரி மூணு இந்தப் பக்கம் இறங்கிச்சு. விடிஞ்சு போனதான்னு இன்னும் தெரியல.”

“எத்தனை நாளா?”

“ராகி கதிரு வந்தா அதுவும் வந்துரும். அறுத்துக் களத்துல போடற வரைக்கும் இப்பிடித்தான்.”

மேலே ஏறவில்லை. அரை மணி நேரம் அவரோடு பேசிக்கொண்டிருந்ததில் மலையைவிட அதிகம் கிடைத்தது. குப்பம், பலமனேர் காடுகளில் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் யானையே இல்லாமல் இருந்தது. 1980களில்தான் ஓசூர், ஆனேக்கல் பக்கத்துக் காடுகளிலிருந்து கூட்டமாக வரத் தொடங்கின. அங்கே வறட்சி, காடு துண்டுபட்டது, வழி அடைபட்டது என்று காரணங்கள் சொல்வார்கள். வந்தவை திரும்பவில்லை. 1990இல் 357 சதுர கிலோமீட்டர் காட்டை கௌண்டின்யா வனவிலங்கு சரணாலயம் என்று அறிவித்தார்கள். சரணாலயத்தின் எல்லை யானைக்குத் தெரியாது. காட்டுக்கு வெளியே ஆயிரம் அடியில் ராகியும் கரும்பும் மாவும் இருக்க, எது தன் இடம் என்று அது எப்படி முடிவு செய்யும்? வயல் வேலியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சி யானை செத்த வழக்குகள் உண்டு, காவலுக்குப் படுத்த விவசாயி மிதிபட்டு இறந்த கதைகளும் உண்டு. 2025 மே மாதம் கர்நாடக அரசு ஆந்திராவுக்குக் கும்கி யானைகளைக் கொடுத்தது. பலமனேர் பக்கம் முசலிமடுகில் முகாம் அமைத்து அவற்றை வைத்திருக்கிறார்கள்.

டிராக்கர் சொன்னதிலிருந்து எனக்கு ஒன்று விளங்கியது. புரட்டாசி மழை பெய்தால் ஓடையில் தண்ணீர் வரும். அதே மழையில் ராகி கதிர் பிடிக்கும். கதிர் வாசத்துக்கு யானை இறங்கும். அருவி பார்க்க நாம் வரும் பருவமும், விவசாயி கண் விழிக்கும் பருவமும், யானை நடக்கும் பருவமும் ஒன்றேதான். சுற்றுலாத் துண்டுப்பிரசுரங்களில் ‘வருகைக்கு ஏற்ற மாதங்கள்’ என்று போட்டிருக்கும் வரியில் இதைச் சேர்ப்பதில்லை.

குப்பத்துக்குத் திரும்பி சாப்பிட்டேன். மெஸ் என்று பலகை இருந்தது. ராகி சங்கட்டி, நாட்டுக்கோழிப் புலுசு, வேர்க்கடலைச் சட்னி. நம் ஊர்க் களிதான், அதில் கொஞ்சம் அரிசி சேர்ந்திருக்கும். சூடாக உருட்டி இலையில் வைத்து நடுவில் குழி பறித்து நெய் ஊற்றினார்கள். வெயில் காலத்தில் இந்தக் குழம்பின் காரம் தாங்காது. மழைக்கு அதைவிட நல்லது வேறில்லை.

குப்பத்துக்கு வரும் தமிழர் எவரும் பாலாற்றைப் பார்க்காமல் போகக் கூடாது என்பது என் கட்சி. நந்தி மலைப் பக்கம் பிறந்து, கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திராவில் இந்தக் குப்பம் பகுதியில் 33 கிலோமீட்டர், பிறகு தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேர வேண்டிய ஆறு. ஆந்திராவின் கடைசி முனையில், புல்லூர் கிராமத்தில், கனக நாச்சியம்மன் கோயில் மலையடியில் ஒரு தடுப்பணை. 2016இல் அதன் உயரத்தை ஐந்தடியிலிருந்து பன்னிரண்டு அடியாக ஏற்றியபோது வேலூர் மாவட்டமே கொதித்தது. நான் போனபோது அணை முக்கால்வாசி நிரம்பியிருந்தது. தாண்டவில்லை. அணைக்குக் கீழே மணலில் நாணல்.

அணை நிரம்பி வழியும் ஆண்டுகளில் இங்கே நடப்பது விசித்திரமானது. வாணியம்பாடியிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் வண்டி வண்டியாக மக்கள் வருகிறார்கள், தங்கள் ஆற்றில் தண்ணீர் வருவதைப் பார்க்க. பூ தூவுகிறார்கள், கற்பூரம் ஏற்றுகிறார்கள், குழந்தைகளைக் குளிப்பாட்டுகிறார்கள். எந்த அரசும் அறிவிக்காத சுற்றுலாத் தலம் இது, எந்த ஆண்டு திறக்கும் என்பது மழைக்குத்தான் தெரியும். 2021 நவம்பரில் திறந்தது, கேட்டதற்கு மேலேயே திறந்தது. பல பத்தாண்டுகளாகக் காணாத வெள்ளம் பாலாற்றில் போனது.

மறுநாள் கைகல். குப்பம், பலமனேர் சாலையை ஒட்டி, பலமனேரிலிருந்து ஏறக்குறைய 28 கிலோமீட்டரில் இருக்கிறது கைகல் கிராமம். அங்கிருந்து இரண்டரை கிலோமீட்டர் உள்ளே போனால் அருவி. உள்ளூரில் துமுகுராள்ளு என்றும் சொல்கிறார்கள். கௌண்டின்யா சரணாலயத்தின் காடு. உயரத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள், நாற்பது அடிதான். குற்றாலம் பார்த்த கண்ணுக்கு இது ஒன்றுமே இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் நானும் நடந்தேன்.

சத்தம் முதலில் வந்தது. பிறகு ஈரக் காற்று. மரங்கள் சட்டென்று விலகி, அகன்ற பாறைத்தளம் ஒன்று திறந்தது. ஓடை அந்தத் தளத்தின் மேல் பரவி வந்து, விளிம்பில் மூன்று நான்கு கிளையாகப் பிரிந்து, கீழே ஒரு மடுவில் விழுகிறது. மடுவைச் சுற்றி, வீடு அளவிலிருந்து ஆட்டுக்குட்டி அளவு வரை உருண்டைப் பாறைகள். அவற்றின் இடுக்குகளில் சின்னச் சின்னக் குட்டைகள், தெளிந்த நீர், அடியில் கூழாங்கல். மேலே இருந்து பார்த்தால் மடு பச்சையாகத் தெரிகிறது. பக்கத்தில் போனால் பாறையின் கருமை. தண்ணீரில் காலை வைத்தேன். மார்கழிக் குளிர். ஒரு மீன்கொத்தி எதிர்க்கரையில் உட்கார்ந்திருந்தது. மற்றபடி பள்ளிக்கூடம் கட் அடித்துவிட்டு வந்த பையன்கள் நாலைந்து பேரும் நானும்தான்.

அந்த ஓடை எங்கே போகிறது என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் கைகல் இன்னும் அழகாகிறது. கைகலும் கௌண்டின்யாவும் பாலாற்றின் துணையாறுகள். கௌண்டின்யா இந்த மலைச்சரிவில் இறங்கி குடியாத்தம் பக்கம் மோர்தானா அணைக்குப் போகிறது. குடியாத்தத்துக்காரர் கோடையில் மணல் ஆறாகவே பார்க்கும் கௌண்டின்ய மகாநதியின் தாய்வீடு இந்தக் காடு. மேலே புரட்டாசியில் நல்ல மழை என்றால் கீழே ஐப்பசியில் அணை நிரம்பும். ஆந்திரக் காட்டில் ஒரு மரம் நிற்பதால் வேலூர் மாவட்டத்தில் ஒரு கிணறு ஊறுகிறது. எல்லைச் சண்டை போடும்போது இதை இரு தரப்பும் மறந்துவிடுகின்றன.

மடுவின் ஓரத்தில் வழுக்கும் பாறை என்று எச்சரிக்கைப் பலகை இருந்தது. அதில் சாய்ந்து நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள் பையன்கள். “தம்பி, உள்ள எவ்வளவு ஆழம்?” என்று கேட்டேன். “யாருக்குண்ணா தெரியும்” என்றான் ஒருவன், சிரித்துக்கொண்டே. இங்கே உயிர் போயிருக்கிறது, அதற்காகத்தான் பலகை. பாறைக்கு அடியில் குடைந்திருக்கும் இடங்களில் நீந்தத் தெரிந்தவரும் மாட்டிக்கொள்வார். குட்டைகளில் உட்காருங்கள், அதுவே போதும். மடுவில் குதிக்க ஆசைப்பட வேண்டாம். இன்னொன்றும் உறுத்தியது. குட்டைகளின் ஓரத்தில் பீர் பாட்டில் சில்லு. இந்த இடத்தில் வெறுங்காலோடு நடப்பது யார் என்று நினைத்துப் பார்த்தால், நமக்கு முன்னால் யானைதான்.

பெங்களூரையும் சென்னையையும் இணைக்கும் 262 கிலோமீட்டர் விரைவுச்சாலை பலமனேர் பக்கமாகத்தான் போகிறது. அது முழுமையாகத் திறந்த பிறகு கைகல் இரண்டு பெருநகரங்களுக்கும் சனிக்கிழமை தூரமாகிவிடும். இப்போதுள்ள அமைதிக்கு அதிக நாள் இல்லை என்பது என் கணிப்பு. கூட்டம் வரும் முன்பே குப்பைத்தொட்டி வருமா என்பதுதான் கேள்வி. ஏனோ நம் நாட்டில் முறுக்குக் கடை முதலிலும் குப்பைத்தொட்டி கடைசியிலும் வருகிறது.

அப்படியானால் மே மாதத்தில் இந்தப் பக்கம் எதுவுமே இல்லையா? இருக்கிறது. மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஹார்ஸ்லி மலை, 1,265 மீட்டர். கடப்பா கலெக்டராக இருந்த டபிள்யூ. டி. ஹார்ஸ்லி வெயிலுக்கு ஒதுங்க வீடு கட்டிக்கொண்ட இடம். அதற்கு முன் அதன் பெயர் ஏனுகு மல்லம்மா கொண்டா. கோடையில் போவதற்கென்றே உண்டான மலை, அப்போது கூட்டமும் அப்படித்தான். நான் மார்கழியில் போயிருக்கிறேன். மூடுபனியில் பள்ளத்தாக்கே காணாமல் போயிருந்தது, தைலமரக் காட்டில் என்னைத் தவிர ஆள் இல்லை. மஞ்சள் தொண்டைச் சின்னானைப் பறவை ஆர்வலர்கள் தேடிவரும் மலை இது. பாறைச் சரிவுகளில் மட்டும் வாழும் தென்னிந்தியப் பறவை. அடிவாரத்தில் ரிஷிவேலி பள்ளி. மதனப்பள்ளி ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்த ஊர், தாகூர் 1919இல் தங்கியிருந்து ஜன கண மனவை ஆங்கிலத்தில் எழுதிய ஊர். ஊட்டிக்கு மாற்று என்று சொல்ல மாட்டேன். ஊட்டியை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம். ஒரு மாலையும் ஒரு காலையும் அங்கே போதும்.

கோடையின் உண்மையான பருவம் வேறு இடத்தில் இருக்கிறது. வைகாசியில் குப்பத்தில் பிரசன்ன திருப்பதி கங்கம்மா ஜாத்திரை. ஆனி, ஆடியில் சித்தூரைச் சுற்றி மாம்பழக் கூழ்த் தொழிற்சாலைகளின் வாசலில் தோத்தாபுரி ஏற்றிய டிராக்டர்கள் மைல் கணக்கில் நிற்கும். விலை இல்லாத ஆண்டுகளில் அந்த வரிசையில் விவசாயியின் முகத்தைப் பார்க்க மனம் வராது. மலைக்குப் போகும் வழியில் அதையும் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

இனி கிழக்கு. கார்த்திகையில் தலகோனா போனேன். திருப்பதியிலிருந்து பாகராப்பேட்டை மலைப்பாதை ஏறி, நேரபைலு கிராமம் தாண்டினால் வனத்துறை சோதனைச்சாவடி. உள்ளே சித்தேஸ்வர சுவாமி கோயில். கார்த்திகை மாதம் என்பதால் அகல் விளக்கு வரிசையும் ஈரத் துணியுமாகக் கூட்டம். அங்கிருந்து அருவிக்குக் காட்டுக்குள் நடை.

மேட்டுநிலத்துக் காடு முள்ளும் புதருமாக இருந்தது. இங்கே காடே வேறு. வெயில் தரையைத் தொடவில்லை. மனிதர் தொடை பருமனுள்ள கொடிகள் முறுக்கிக்கொண்டு மரத்துக்கு மரம் தாவியிருந்தன. அவற்றின் காய் இரண்டு மூன்றடி நீளம் தொங்கும். மலை அணில் ஒன்று தலைக்கு மேலே கத்தியது. சேஷாசலம் மலைத்தொடர் 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது, பரப்பு 4,755 சதுர கிலோமீட்டர். ஈரமான பாறை இடுக்குகளில் பொன்னிறப் பல்லி உண்டு என்பார்கள். நான் தேடினேன், கண்ணில் படவில்லை.

அருவி 270 அடி. செங்குத்தான சிவப்புப் பாறைச் சுவர், அதன் உச்சி விளிம்பிலிருந்து நீர் நேராக இறங்கி, பாதி வழியில் திவலையாகக் கலைந்து, கீழே வரும்போது பாதி காற்றோடு போய்விடுகிறது. கைகலில் நாம் அருவியோடு ஒரே மட்டத்தில் நிற்கிறோம். தலகோனாவில் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கிறோம். முந்தைய வாரம் புயல் மழை பெய்திருந்ததால் வெள்ளம் கனமாக விழுந்தது, குளிக்க விடவில்லை. கயிறு கட்டித் தடுத்திருந்தார்கள். அதற்காகச் சண்டை போட்ட ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். சென்னையிலிருந்து குளிக்கவே வந்தவர்களாம். கோடையில் வந்திருந்தால் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள், பாறையில் ஒழுகும் ஈரத்தைத் தொட்டுக்கொண்டு போயிருப்பார்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வெள்ளம் வடிந்து, நீர் மட்டும் தங்கும் மார்கழி, தை மாதங்கள்தான் குளிப்பவருக்கு ஏற்றவை. பார்ப்பவருக்குக் கார்த்திகை. இரண்டும் ஒரே நாளில் கிடைக்காது.

இந்த மழைக்குப் பல்லும் உண்டு. 2021 நவம்பரில் திருப்பதி தெருக்களில் ஆறு ஓடியது, திருமலை மலைப்பாதைகள் மூடப்பட்டன, சுவர்ணமுகி கரை புரண்டது. வானிலை அறிவிப்பில் காற்றழுத்தத் தாழ்வு என்று கேட்டால் பயணத்தைத் தள்ளிப்போடுவதுதான் புத்திசாலித்தனம். நாலு நாள் கழித்துப் போனாலும் அருவி அங்கேதான் இருக்கும்.

தலகோனா பாதையில் வனத்துறைக்காரர் ஒரு மரத்தைத் தட்டிக் காட்டினார். பட்டை முதலைத் தோல் மாதிரி வெடித்திருந்தது. செம்மரம். உலகத்தில் இயற்கையாக வளர்வது இந்த மலைகளிலும் இவற்றை ஒட்டிய பகுதிகளிலும்தான். அதைத் தொட்டபோது எனக்கு 2015 ஏப்ரல் 7 நினைவுக்கு வந்தது. செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி இருபது தமிழர்களை ஆந்திரக் காவல்துறை இதே சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொன்றது. பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்து ஏழைகள், ஜவ்வாது மலைக்காரர்கள் பலர். அவர்களுக்கும் மலைக்கு வர ஒரு பருவம் இருந்தது. ஊரில் வேலை இல்லாத பருவம். சுற்றுலாப் பயணி அந்தச் செய்தியைக் கடந்து அருவிக்குப் போய்விடலாம். நான் போனேன்தான், ஆனால் அந்த மரத்தை மறுபடி தொடவில்லை.

புத்தூர் பக்கம் கைலாசகோனா, வரதையபாளையம் பக்கம் உப்பலமடுகு என்று இன்னும் அருவிகள் இருக்கின்றன. உப்பலமடுகைத்தான் சென்னைக்காரர்கள் தடா அருவி என்கிறார்கள். இரண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு உட்பட்டவை. கைலாசகோனாவில் கோடையிலும் கொஞ்சம் நீர் உண்டு என்பதால், மாதம் தவறி வந்துவிட்டவர்களுக்கு அது ஒரு கடைசிப் புகலிடம்.

மாசி பிறந்துவிட்டால் இந்தக் காடுகள் காய்ந்த சருகு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போய்க் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்ததை நாம் மறக்கக் கூடாது. மாசியிலிருந்து மழை விழும் வரை காட்டை அதன் போக்கில் விடுவதுதான் சரி. ஹார்ஸ்லி மலை போன்று சாலையும் விடுதியும் உள்ள இடங்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.

குடுபல்லி, குப்பம் பக்கம் போக விரும்புகிறவர்கள் புரட்டாசிக் கடைசியிலிருந்து ஐப்பசி முடிவதற்குள் போங்கள். கிழக்கே தலகோனா பக்கம் போக மார்கழி வரை பொறுங்கள். குப்பத்தில் தங்க விடுதி இருக்கிறது, குடுபல்லியில் இல்லை. ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள். காட்டுப் பாதையில் இறங்கும் முன் அருகிலுள்ள ஊரில் யாரிடமாவது யானை எந்தப் பக்கம் என்று ஒரு வார்த்தை கேளுங்கள், மொழி ஒரு தடையே இல்லை. கண்ணாடி பாட்டில் எடுத்துப் போகாதீர்கள். மாலை நான்கு மணிக்குக் காட்டை விட்டு வெளியே வந்துவிடுங்கள். அதற்குப் பிறகு அந்த வழி ராகி காவலுக்குப் போகிறவர்களுக்கும் யானைகளுக்கும் உரியது.